சொல் தெரியும், வாக்கியம் புரியவில்லையா? ஆங்கில இடியமும் ஸ்லாங்கும் படித்துப் புரிந்துகொள்ளும் முறை

வாக்கியத்தில் உள்ள ஒவ்வொரு சொல்லும் தெரியும், ஆனால் வாக்கியம் மட்டும் பிடிபடாது. ஆங்கிலத்தில் செய்தியோ கதையோ சமூக ஊடகப் பதிவோ படிக்கத் தொடங்கிய யாருக்கும் இது சீக்கிரமே நடக்கும். உடனே 'எனக்கு இங்கிலீஷ் வராது' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அது தவறான முடிவு. தமிழ் கற்றுக்கொள்ளும் ஒருவர் 'பணத்தை வாங்கிக்கொண்டு கம்பி நீட்டிவிட்டான்' என்று படித்தால் அவருக்குக் கம்பியும் தெரியும், நீட்டுவதும் தெரியும். ஆள் ஓடிப்போன விஷயம்தான் தெரியாது. நமக்கும் ஆங்கிலத்தில் அதேதான் நடக்கிறது.

இப்படிச் சொற்களின் நேர்ப்பொருளைத் தாண்டி வேறு பொருள் தரும் தொடர்தான் இடியம். நூற்றுக்கணக்கான இடியங்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பட்டியலில் இருப்பது நீங்கள் படிக்கும் பக்கத்தில் வராது, பக்கத்தில் வருவது பட்டியலில் இருக்காது. புரியாத தொடர் எதிரே வரும்போது என்ன செய்வது என்ற பழக்கம் கைக்கு வந்துவிட்டால் போதும். அதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: இது இடியம்தானா என்று கண்டுபிடியுங்கள்

பாதிச் சிக்கல் இங்கேதான். இடியம் என்று தெரியாமலே நேர்ப்பொருளில் படித்துக்கொண்டு போய்விடுவோம், இரண்டு வரி தாண்டிய பிறகு எதுவும் ஒட்டாது.

முதல் அடையாளம், சம்பந்தமே இல்லாத ஒரு பொருள் நடுவில் வந்து நிற்பது. நிறுவனத்தின் நஷ்டக் கணக்கைச் சொல்லும் செய்தியில் துண்டு எதற்கு? தேர்தல் செய்தியில் வேலி எதற்கு? இப்படி ஒரு கேள்வி எழுந்தால் அங்கே நின்றுவிடுங்கள்.

இரண்டாவது அடையாளத்தைப் பலரும் கவனிப்பதில்லை, ஆனால் எனக்கு மிகவும் பயன்படுவது அதுதான்: 'தி' என்ற சின்னச் சொல். ஏற்கெனவே பேச்சில் வந்துவிட்ட பொருளுக்கோ, சொல்பவருக்கும் கேட்பவருக்கும் எதுவென்று தெரிந்த பொருளுக்கோ முன்னால்தான் 'தி' வழக்கமாக வரும். முந்தைய வரிகளில் எந்த வாளியும் இல்லை, திடீரென்று 'தி பக்கெட்' என்று வருகிறது. எந்த வாளி? முன்னால் தேடினாலும் கிடைக்காது. அப்படியானால் அது அனேகமாக இடியம். 'ஸ்பில் தி பீன்ஸ்' என்றால் ரகசியத்தைக் கொட்டிவிடுவது, 'ஹிட் தி சாக்' என்றால் படுக்கப் போவது, 'மிஸ் தி போட்' என்றால் வாய்ப்பைக் கோட்டைவிடுவது, 'பைட் தி புல்லட்' என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு கசப்பான காரியத்தைச் செய்து முடிப்பது. நான்கிலும் ஒரு 'தி' இருக்கிறது, ஆனால் அது சுட்டும் பொருள் கதையில் எங்கும் இல்லை. எல்லா இடியத்திலும் 'தி' வராது. 'கோல்டு ஃபீட்' என்றால் கடைசி நேரத்தில் தைரியம் போய்விடுவது, அதில் 'தி' கிடையாது. ஆனாலும் 'தி'யைக் கவனிக்கத் தொடங்கினால் கண்ணுக்குத் தப்புகிற இடியங்கள் நிறையக் குறையும்.

மூன்றாவது, எளிய வினைச்சொல்லோடு 'அப்', 'ஆஃப்', 'அவுட்' போன்றவை ஒட்டிக்கொண்டு வருவது. 'புட் அப் வித்' சகித்துக்கொள்வது, 'கால் ஆஃப்' ரத்து செய்வது, 'டர்ன் டவுன்' மறுப்பது. இவற்றைப் பிரிக்காமல் ஒரே சொல்லாகவே தேடுங்கள்.

படி 2: அகராதியைத் திறப்பதற்கு முன் திசையை ஊகியுங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதித்து நேராக அகராதிக்குப் போகாதீர்கள். பொருள் உடனே கிடைக்கும், அடுத்த வாரம் மறந்தும் போகும். நீங்களே ஊகித்து, பிறகு சரிபார்த்த சொல் மனதில் தங்கும்.

முழுப் பொருளையும் ஊகிக்க வேண்டியதில்லை. மூன்று கேள்விகள் போதும்: நடந்தது நல்லதா கெட்டதா? செய்தவர் விரும்பிச் செய்தாரா, வேறு வழியில்லாமல் செய்தாரா? எழுதியவர் மரியாதையோடு சொல்கிறாரா, கிண்டலாகவா?

ஓர் உதாரணத்தை முழுசாகப் பார்த்துவிடலாம். மூன்று வருடமாக நஷ்டத்தில் ஓடிய ஒரு நிறுவனத்தைப் பற்றிப் படிக்கிறீர்கள். அடுத்த வாக்கியம்: 'தி கம்பெனி ஃபைனலி த்ரூ இன் தி டவல்.' நேராகப் பார்த்தால், நிறுவனம் கடைசியில் துண்டை உள்ளே வீசியது. நஷ்டம் என்று முன்னால் வந்திருப்பதால் நல்ல செய்தியாக இருக்க வாய்ப்பில்லை. 'ஃபைனலி' என்பதில் 'இவ்வளவு நாள் தாக்குப்பிடித்தார்கள், இனி முடியவில்லை' என்ற தொனி இருக்கிறது. வீசியது நிறுவனமே, வேறு யாரும் அதன்மேல் எதையும் வீசவில்லை. இவ்வளவையும் சேர்த்தால், 'போராடிப் பார்த்துவிட்டுத் தாங்களாகவே கைவிட்டார்கள்' என்ற இடத்துக்கு அகராதியின் உதவியில்லாமலே வந்துவிடலாம்.

இப்போது அகராதியைப் பாருங்கள். தோல்வியை ஒப்புக்கொண்டு விலகுவது என்று இருக்கும். குத்துச்சண்டையில் தன் வீரர் இனித் தாங்கமாட்டார் என்று தெரிந்தால், அவருடைய பயிற்சியாளர் மேடைக்குள் துண்டை வீசி ஆட்டத்தை முடித்துக்கொள்வார். அந்த வழக்கத்திலிருந்து வந்த தொடர் இது. காட்சி தெரிந்துவிட்டால் நுணுக்கமும் புரியும். யாரோ துரத்தி நிறுவனத்தை மூடவைக்கவில்லை, தாங்களே நிறுத்திக்கொண்டார்கள்.

ஊகிக்கும்போது ஓர் எச்சரிக்கை. தமிழில் அதேபோல ஒன்று இருக்கிறது என்பதற்காக அதே பொருளை வைத்துவிடாதீர்கள். 'புல் சம்ஒன்ஸ் லெக்' என்பதைப் பார்த்ததும் நமக்குக் 'காலை வாரிவிட்டான்' என்றுதான் தோன்றும். ஆங்கிலத்தில் அது வெறும் விளையாட்டுக்குக் கிண்டல் செய்வது, பொய் சொல்லி வம்புக்கு இழுப்பது. துரோகம் அதில் துளியும் இல்லை. 'ஹெட் ஓவர் ஹீல்ஸ்' என்பதும் அப்படித்தான். தலைகீழாகக் கவிழ்ந்துவிட்டான் என்று படிப்போம், பெரும்பாலும் அது காதலில் முழுதாக விழுந்துவிட்டதைச் சொல்லும். சில நேரம் பொருத்தம் அப்படியே அமைந்துவிடும். 'வாஷ் ஒன்ஸ் ஹேண்ட்ஸ் ஆஃப்' என்றால் நம் 'கைகழுவிவிடுவது'தான், 'டர்ன் எ பிளைண்டு ஐ' என்றால் 'கண்டும் காணாமல் இருப்பது'தான். எது பொருந்தும், எது பொருந்தாது என்று சரிபார்த்தால்தான் தெரியும்.

படி 3: சரியான வடிவத்தில் தேடுங்கள்

பக்கத்தில் உள்ளபடியே தட்டச்சு செய்தால் அகராதியில் பல நேரம் கிடைக்காது. மூன்று மாற்றங்கள் செய்யுங்கள். வினைச்சொல்லை அடிப்படை வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள்: 'த்ரூ' என்பதை 'த்ரோ' ஆக்குங்கள். 'மை', 'ஹிஸ்', 'ஹெர்' போன்றவற்றை எடுத்துவிட்டு 'சம்ஒன்ஸ்' அல்லது 'ஒன்ஸ்' போடுங்கள். நடுவில் செருகிய அடைமொழிகளை நீக்குங்கள். இணையத்தில் தேடினால் தொடரை இரட்டை மேற்கோள் குறிக்குள் வைத்து, பக்கத்தில் 'மீனிங்' என்றோ 'இடியம்' என்றோ சேருங்கள்.

கேம்பிரிட்ஜ், மெரியம் வெப்ஸ்டர் இரண்டின் இணைய அகராதிகளும் இலவசம்தான். பொருளுக்குப் பக்கத்திலேயே இருக்கும் குறிப்பையும் தவறாமல் படியுங்கள். 'இன்ஃபார்மல்' என்றால் பேச்சுவழக்கு, 'ஓல்டு ஃபேஷன்ட்' என்றால் இப்போது யாரும் அதிகம் சொல்வதில்லை, 'அஃபென்சிவ்' என்றால் பிறரைப் புண்படுத்தும். பொருளுக்கு அடுத்தபடி உங்களுக்கு வேண்டியது இந்த ஒற்றைச் சொல்தான்.

எதுவும் கிடைக்கவில்லை என்றால், தொடர் பாதியில் வெட்டப்பட்டிருக்கலாம். எல்லோருக்கும் தெரிந்த பழமொழியை முழுசாகச் சொல்லாமல் விடுவது ஆங்கிலத்திலும் சகஜம். 'வென் இன் ரோம்' என்று சொல்லிவிட்டு நிறுத்திவிடுவார்கள். ரோமில் இருந்தால் ரோமானியர்கள் செய்வதுபோல் செய் என்பது மீதி. 'ஸ்பீக் ஆஃப் தி டெவில்' என்றால், பேசி வாய் மூடவில்லை, ஆளே வந்து நிற்கிறார் என்று அர்த்தம். தொடரைத் தேடல் பெட்டியில் தட்டிவிட்டு ஒரு நொடி பொறுத்தால், மீதியை அதுவே காட்டிவிடும்.

படி 4: ஸ்லாங் என்றால் வழி கொஞ்சம் வேறு

இடியம் பெரும்பாலும் பழையது. ஸ்லாங், அதாவது கொச்சைப் பேச்சுவழக்கு, வேகமாக மாறும், சில சொற்கள் வந்த வேகத்திலேயே போய்விடும். அதனால் 'இது எப்போது எழுதப்பட்டது?' என்ற கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

'நோ கேப்' என்பதை எடுத்துக்கொள்வோம். 'கேப்' என்றால் தொப்பி, மூடி, உச்சவரம்பு என்றெல்லாம் சாதாரண அகராதியின் முதல் வரிகளில் இருக்கும். எதுவும் பொருந்தாது. இந்த வழக்கில் 'கேப்' என்றால் பொய், 'நோ கேப்' என்றால் 'சத்தியமா சொல்றேன்'. அமெரிக்கக் கறுப்பின மக்களின் பேச்சில் இருந்து, ஹிப்ஹாப் இசை வழியாக எல்லா இடத்துக்கும் பரவியது. இன்றைய இணைய ஸ்லாங்கில் பெரும்பகுதி அந்த மக்களின் மொழியிலிருந்து வந்ததுதான், அது தெரிந்து படிப்பது அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை.

இப்படிப்பட்ட சொற்களுக்கு அர்பன் டிக்ஷனரி உதவும். 1999-ல் தொடங்கிய தளம் இது. யார் வேண்டுமானாலும் பொருள் எழுதலாம் என்பதால் புதுச் சொல் சீக்கிரம் கிடைக்கும், கூடவே ஆபாசமும் வெறுப்பும் கட்டுக்கதையும் வரும். அதைப் படிக்க ஒரு முறை இருக்கிறது. முதல் விளக்கத்தோடு நிறுத்தாமல் நான்கைந்து விளக்கங்களைப் பாருங்கள், எதில் எல்லோரும் ஒத்துப்போகிறார்களோ அதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பதிவின் தேதியைக் கவனியுங்கள். பிறகு அந்தப் பொருளை உங்கள் வாக்கியத்தில் பொருத்திப் பாருங்கள், ஒட்டாவிட்டால் விட்டுவிடுங்கள்.

நன்றாக நிலைத்துவிட்ட ஸ்லாங்கைப் பெரிய அகராதிகளும் சேர்த்துக்கொள்கின்றன. 'ரிஸ்' என்பது அப்படி வந்த சொல், பிறரைக் கவரும் திறமை என்று பொருள். 'கரிஸ்மா'வின் நடுப்பகுதியை வெட்டி எடுத்தது. ஆக்ஸ்ஃபோர்டு அதை 2023-ன் சொல்லாகத் தேர்ந்தெடுத்தது. 'கோஸ்ட்' என்பதை வினையாகப் பார்த்தால், ஒரு வார்த்தையும் சொல்லாமல் தொடர்பை அறுத்துக்கொள்வது. 'சால்டி' என்றால் கடுப்பில் இருப்பது. 'ஐ ஆம் டெட்' என்று யாராவது எழுதினால் பதறாதீர்கள், சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது என்கிறார்.

பழைய நாவல் படிப்பவர்களுக்கு ஜோனத்தன் கிரீனின் ஸ்லாங் அகராதியைச் சிபாரிசு செய்கிறேன். 2010-ல் மூன்று தொகுதிகளாக அச்சில் வந்தது, 2016 முதல் இணையத்திலும் இருக்கிறது. எந்தச் சொல் எந்தக் காலத்தில் என்ன பொருளில் வழங்கியது என்று ஆண்டுவாரியாகக் காட்டும். கொச்சைச் சொற்களுக்கு அகராதி எழுதுவது புதுப் பழக்கமும் அல்ல. ஃபிரான்சிஸ் குரோஸ் 1785-லேயே ஒன்று வெளியிட்டார், இறந்துபோவதைக் குறிக்கும் 'கிக் தி பக்கெட்' அதிலேயே இருக்கிறது.

படி 5: எழுதியவர் எந்த நாட்டுக்காரர் என்று பாருங்கள்

ஒரே சொல் பிரிட்டனில் ஒன்றும் அமெரிக்காவில் அதற்கு நேரெதிராகவும் பொருள் தரும். கூட்டத்தில் ஒரு விஷயத்தை 'டேபிள்' செய்வது என்றால் பிரிட்டனில் உடனே விவாதத்துக்கு எடுப்பது, அமெரிக்காவில் இப்போதைக்கு ஒத்திவைப்பது. இரண்டாம் உலகப் போரின்போது இரு நாட்டு அதிகாரிகளும் இந்த ஒரு சொல்லால் நீண்ட நேரம் காரசாரமாக வாதாடினார்கள், இரு தரப்புக்கும் வேண்டியது ஒன்றுதான் என்பது பிறகுதான் தெரிந்தது என்று வின்ஸ்டன் சர்ச்சில் தன் போர் நினைவுகளில் எழுதியிருக்கிறார். ஆங்கிலத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கே இந்தக் கதி என்றால் நாம் தடுமாறுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

'பிஸ்ட்' என்று மட்டும் சொன்னால் பிரிட்டனில் குடிபோதை, அமெரிக்காவில் கோபம். 'குவைட் குட்' என்று அமெரிக்கர் எழுதினால் நல்ல பாராட்டு. பிரிட்டிஷ்காரர் எழுதினால் பல நேரம் 'பரவாயில்லை' என்ற அளவுதான்.

விளையாட்டிலிருந்து வந்த தொடர்களும் இப்படித்தான் நாட்டைக் காட்டிக்கொடுக்கும். 'ஸ்டிக்கி விக்கெட்' என்றால் சிக்கலான நிலைமை என்பதை கிரிக்கெட் பார்ப்பவர்கள் எளிதில் ஊகித்துவிடுவார்கள், மழையில் நனைந்து காயும் ஆடுகளத்தில் மட்டை பிடிப்பது எவ்வளவு கடினம் என்று தெரியும். அமெரிக்க எழுத்தில் அந்த இடத்தை பேஸ்பால் பிடித்துக்கொள்கிறது. 'ஸ்டெப் அப் டு தி ப்ளேட்' என்பதில் உள்ள ப்ளேட் மட்டையாளர் நிற்கும் இடத்தைக் குறிப்பது, பொறுப்பை ஏற்று முன்வருவது என்று பொருள். 'பால்பார்க் ஃபிகர்' தோராயமான தொகை, 'கர்வ்பால்' எதிர்பாராத சிக்கல், 'டச் பேஸ்' சுருக்கமாகத் தொடர்புகொண்டு பேசுவது. பேஸ்பாலின் அடிப்படை விதிகளை ஒருமுறை உட்கார்ந்து படித்துவிடுங்கள், அமெரிக்கச் செய்தியும் அலுவலக மின்னஞ்சலும் படிப்பவர்களுக்கு அது பெரிய லாபம்.

மொழிபெயர்ப்புச் செயலியும் ஏஐயும்

தொடரை மட்டும் வெட்டி ஒட்டினால் மொழிபெயர்ப்புச் செயலி சில நேரம் நேர்ப்பொருளைக் கொடுத்துவிடும். ஏஐயிடம் கேட்பதானால் முழுப் பத்தியையும் கொடுங்கள், எங்கே படித்தீர்கள் என்றும் சொல்லுங்கள். பொருளோடு தொனியையும் கேளுங்கள்: கிண்டலா, கோபமா, நட்பா? கிடைத்த பதிலை அகராதியில் ஒரு தடவை சரிபாருங்கள். இடியம் பிறந்த கதையைக் கேட்டால் மட்டும் கூடுதல் ஜாக்கிரதை தேவை. சுவையான கட்டுக்கதைகள் இணையம் முழுக்க உலவுகின்றன, அவற்றையே அதுவும் உறுதியாகச் சொல்லிவிடும்.

படி 6: குறித்துவையுங்கள், பயன்படுத்த அவசரப்படாதீர்கள்

நோட்டில் தொடரை மட்டும் எழுதாமல், நீங்கள் படித்த முழு வாக்கியத்தையும் எழுதுங்கள். கீழே அடிப்படை வடிவம், யார் யாரிடம் சொன்னார் என்ற குறிப்பு, அதற்கு நீங்கள் தமிழில் இயல்பாக என்ன சொல்வீர்கள் என்பது. இவ்வளவு போதும்.

படித்தால் புரிவது வேறு, நாமே சொல்வது வேறு. 'மண்டையைப் போட்டுட்டார்' என்பதற்கு அர்த்தம் தெரிந்த யாரும் துக்க வீட்டில் போய் அதைச் சொல்லமாட்டோம். 'கிக் தி பக்கெட்'டும் அதே தரம்தான், இரங்கல் கடிதத்தில் வந்தால் பெரிய அவமரியாதை. தமிழில் இந்த உணர்வு தானாக வருகிறது, ஆங்கிலத்தில் அது நிறையப் படித்துத்தான் வரும். ஒரு தொடரை வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு இடங்களில் எழுதியிருப்பதை நீங்கள் பார்க்கும்வரை அதை எடுத்துக் கையாளாதீர்கள். வேலைக்கான விண்ணப்பத்திலும் தேர்விலும் ஸ்லாங் வேண்டவே வேண்டாம்.

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட யாராவது தெரிந்தவர் இருந்தால், 'இதற்கு என்ன அர்த்தம்?' என்று மட்டும் கேட்காதீர்கள். அதை அகராதியே சொல்லிவிடும். 'இதை உங்கள் மேலதிகாரியிடம் சொல்வீர்களா? உங்கள் பாட்டியிடம்? யார் சொன்னால் உங்களுக்குக் கோபம் வரும்?' என்று கேளுங்கள்.