‘கேக்குதுங்களா?’ இல்லாத வீடியோ கூட்டம்: சிறு அலுவலகத்துக்கு ஒரு செய்முறை

திருப்பூர் பனியன் கம்பெனி, கோவை பம்ப் தொழிற்சாலை, ஊராட்சி ஒன்றிய அலுவலகம் என்று எங்கே போனாலும் வீடியோ கூட்டத்தின் முதல் ஐந்து நிமிடம் ஒரே மாதிரிதான் போகிறது. “ஏனுங்க, பேசறது கேக்குதுங்களா?” “வாய் அசையுதுங்க, சத்தம் வரலைங்க.” ஜெர்மனியில் உட்கார்ந்திருக்கும், சரக்கு வாங்கும் பையரோ, மாவட்ட ஆட்சியரோ அந்தப் பக்கம் காத்துக்கொண்டிருப்பார். இத்தனைக்கும் அறையில் பெரிய டிவியும் விலை கூடிய கேமராவும் இருக்கும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பணத்தை முதலில் ஒலி அமைப்புக்கும், இணையக் கம்பி இணைப்புக்கும் செலவழியுங்கள். மிச்சமிருந்தால் கேமரா. படம் நின்றுபோனாலும் பேச்சு ஓடினால் கூட்டம் நடக்கும். பேச்சு அறுந்துவிட்டால் எவ்வளவு நல்ல படம் தெரிந்தும் பயனில்லை. ஆறு முதல் பத்துப் பேர் உட்காரும் ஓர் அறையை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். தனி ஆளாக லேப்டாப்பில் பேசுபவர்களுக்கும் இதில் பாதி பொருந்தும்.

படி 1: எதிர்ப்பக்கம் யார் என்று பாருங்கள்

எந்த மென்பொருள் என்பதைப் பெரும்பாலும் எதிர்ப்பக்கம்தான் முடிவு செய்யும். வெளிநாட்டு பையர் தன் நிறுவனத்தில் மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் இருந்தால் டீம்ஸ் லிங்க்தான் அனுப்புவார். அதனால் டீம்ஸ், ஜூம், கூகுள் மீட் மூன்றிலும் உங்கள் அறைக் கணினி வேலை செய்கிறதா என்று ஒருமுறை பார்த்து வைத்துவிடுங்கள்.

நீங்களே அழைக்கும் கூட்டங்களுக்கு மட்டும் தேர்வு உங்கள் கையில். ஜூம் இலவசக் கணக்கில் 40 நிமிடம்தான். கூகுள் மீட் இலவசக் கணக்கில் மூன்று பேரோ அதற்கு மேலோ இருந்தால் 60 நிமிடம். விலை பேசிக்கொண்டிருக்கும்போது கூட்டம் தானாக முடிவது நன்றாக இருக்காது. வியாபாரத்துக்குக் கட்டணக் கணக்கு ஒன்று எடுத்துவிடுவதே சரி. தகவல் வெளி நிறுவனத்தின் சர்வர் வழியாகப் போகக்கூடாது என்று நினைக்கும் கம்பெனிகள், திறந்த மூல மென்பொருளான ஜிட்சியைச் சொந்த சர்வரில் நிறுவிக்கொள்ளலாம். அதற்குக் கணினி தெரிந்த ஓர் ஆள் நிரந்தரமாக வேண்டும்.

அரசு அலுவலகம் என்றால் கதை வேறு. 2020 ஏப்ரலில் மத்திய உள்துறை அமைச்சகம், ஜூம் பாதுகாப்பான தளம் அல்ல, அரசுப் பணிக்கு அது உரியதல்ல என்று அறிவுறுத்தியது. அதே ஆண்டு மத்திய அரசு உள்நாட்டு வீடியோ கூட்ட மென்பொருளுக்காக ஒரு போட்டி நடத்தி, ஆகஸ்டில் ஆலப்புழையைச் சேர்ந்த டெக்ஜென்ஷியா நிறுவனத்தின் வீகன்சோலைத் தேர்ந்தெடுத்தது. மாவட்டங்களில் இந்தப் பணிகளைப் பார்ப்பது தேசிய தகவலியல் மையம், அதாவது எல்லோரும் சொல்லும் என்.ஐ.சி. ஆட்சியர் அலுவலகத்தில் அதன் பிரிவு இருக்கும். எந்தத் தளம், எந்தக் கணக்கு என்று அவர்களிடம் கேட்டுச் செய்யுங்கள். சொந்த ஜிமெயில் கணக்கில் அரசுக் கூட்டம் திறக்க வேண்டாம்.

படி 2: இணையத்தில் ‘அப்லோட்’ எவ்வளவு?

“எங்களுக்கு 100 எம்பிபிஎஸ் லைனுங்க” என்று சொல்வார்கள். அது பெரும்பாலும் இறக்கும் வேகம். உங்கள் குரலும் முகமும் வெளியே போவது ஏற்றும் வேகத்தில், அதாவது அப்லோடில். அலுவலகம் முழு மூச்சில் இயங்கும் காலை 11 மணிக்கு வேகச் சோதனை ஒன்று செய்து, அப்லோட் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஜூம் தரும் கணக்குப்படி, குழுக் கூட்டத்தில் 720பி படத்துக்கு ஏற்ற 2.6 எம்பிபிஎஸ், இறக்க 1.8 எம்பிபிஎஸ் போதும். இன்னும் தெளிவான 1080பி என்றால் ஏற்ற 3.8, இறக்க 3.0. வெறும் குரலுக்கு 60 முதல் 80 கேபிபிஎஸ்தான் (1000 கேபிபிஎஸ் சேர்ந்தது ஒரு எம்பிபிஎஸ்). அதனால்தான் இணையம் தடுமாறும்போது கேமராவை அணைத்தால் பேச்சு உடனே தெளிவாகிறது.

இந்த எண்கள் சின்னவைதானே, பிறகு ஏன் விட்டு விட்டுக் கேட்கிறது? அதே லைனில் வேறு யாராவது ஏற்றிக்கொண்டிருப்பார்கள். கிளவுடில் பதிவாகும் சிசிடிவி கேமராக்கள்தான் பெரிய குற்றவாளி. அடுத்து, கணினிகளிலும் போன்களிலும் தானாக ஓடும் பேக்கப். கூட்ட நேரத்தில் பேக்கப்பை நிறுத்தி வையுங்கள். ரவுட்டரில் கூட்ட அறைக் கணினிக்கு முன்னுரிமை கொடுக்கும் வசதி இருந்தால் அதையும் போட்டுவிடுங்கள்.

அப்புறம் வைஃபை. கூட்ட அறைக் கணினிக்கு வைஃபை வேண்டவே வேண்டாம். தகரக் கூரை ஷெட், இரும்பு ரேக், நாலாபுறமும் இயந்திரம் என்றிருக்கும் இடத்தில் சிக்னல் ஒரு நொடி இருக்கும், மறுநொடி இருக்காது. பதிவான வீடியோ பார்க்கும்போது அது தெரியாது, முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளும். நேரடிப் பேச்சில் அந்த அவகாசம் இல்லை. ரவுட்டரிலிருந்து ஒரு கேட்6 நெட்வொர்க் கேபிள் இழுத்துவிடுங்கள். 100 மீட்டர் வரை அப்படியே போகும். அதற்கு மேல் தூரமென்றால் நடுவில் ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச்.

இரண்டாவது லைன் வைப்பதாக இருந்தால் வேறு நிறுவனத்தின் லைனாக, வேறு பாதையில் வருவதாகப் பாருங்கள். இரண்டு ஃபைபரும் ஒரே கம்பத்திலோ ஒரே குழியிலோ வந்தால், சாலை தோண்டும் ஜேசிபி இரண்டையும் சேர்த்தே அறுத்துவிடும். அது முடியாதென்றால் 4ஜி சிம் போட்ட ஹாட்ஸ்பாட் ஒன்று தயாராக இருக்கட்டும்.

படி 3: மின்சாரம்

கணினிக்கும் டிவிக்கும் யூ.பி.எஸ். இருக்கும், ஃபைபர் மோடம் மட்டும் கீழே வாட்ச்மேன் அறைப் பக்கம் வெறும் பிளக்கில் மாட்டியிருக்கும். மின்சாரம் போய் ஜெனரேட்டர் ஓடச் சில நொடிதான் ஆகும். ஆனால் அணைந்த மோடமும் ரவுட்டரும் மறுபடி எழுந்து இணைய இரண்டு மூன்று நிமிடம் எடுக்கும். அதற்குள் பையர் வெளியேறிவிடுவார். மோடம், ரவுட்டர், நடுவிலுள்ள ஸ்விட்ச் மூன்றையும் யூ.பி.எஸ்.ஸில் கொண்டுவாருங்கள். 12 வோல்ட் ரவுட்டர்களுக்கென்றே சின்ன யூ.பி.எஸ். கடையில் கிடைக்கிறது. மின்வாரியத்தின் மாதப் பராமரிப்பு நாளைப் பார்த்துக் கூட்டத் தேதியை வைப்பது இன்னும் நல்லது.

படி 4: ஒலி

இதில்தான் பொறுமையாக நிற்க வேண்டும்.

முதலில் அறை. நம் ஊரில் கூட்ட அறை என்றால் கிரானைட் தரை, கண்ணாடித் தடுப்பு, வெறும் சுவர், பளபள மேசை. எல்லாமே ஒலியைத் திருப்பி அடிக்கும். அறை நடுவில் நின்று ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். ‘டங்’ என்று இழுத்தால் மைக் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோலத்தான் போகும். தடித்த திரைச்சீலை, துணி உறை போட்ட நாற்காலி, தரைவிரிப்பு எதுவும் உதவும். பவானி ஜமக்காளம் பக்கத்திலேயே கிடைக்கிறது: தரையில் ஒன்று விரித்து, கண்ணாடிக்கு எதிர்ச் சுவரில் ஒன்றைச் சுவரோடு ஒட்டாமல் இரண்டு அங்குலம் தள்ளித் தொங்கவிடுங்கள். அடித்தொண்டை ஒலியை அது பெரிதாக நிறுத்தாது. ஆனால் பேச்சைக் குழப்பும் கணீர் எதிரொலி குறைந்துவிடும். பார்க்கவும் அழகாக இருக்கும்.

அடுத்து மைக்கின் தூரம். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரட்டிப்பானால் நேரடிக் குரல் சுமார் 6 டெசிபல் குறையும். அறையின் எதிரொலி மட்டும் அதே அளவில் இருக்கும். டிவிக்கு மேலே இருக்கும் கேமராவின் மைக்கை நம்பினால், மேசைக் கடைசியில் உட்கார்ந்திருக்கும் தையல் மேற்பார்வையாளர் பேசுவது யாருக்கும் புரியாமல் போவது இதனால்தான். மேசை நடுவே வைக்கும் யூ.எஸ்.பி. ஸ்பீக்கர்போன், அதாவது மைக்கும் ஸ்பீக்கரும் சேர்ந்த கருவி, ஒன்று வாங்குங்கள். பேசுபவர் எல்லோரும் அதிலிருந்து ஏழெட்டு அடிக்குள் இருக்க வேண்டும். மேசை நீளமென்றால் துணை மைக் சேர்க்கக்கூடிய மாடலாகப் பாருங்கள். நேர்மேலே மின்விசிறி ஓடக்கூடாது.

அறையின் எதிரொலி தவிர இன்னொரு வகை எதிரொலியும் உண்டு, அதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். ஸ்பீக்கரில் வரும் எதிர்ப்பக்கக் குரலை உங்கள் மைக் மறுபடி பிடித்து அனுப்பினால், பேசியவருக்குத் தன் குரலே திரும்பக் கேட்கும். இதைத் தடுக்க, ஸ்பீக்கருக்குப் போன ஒலி எதுவோ அதை மைக் ஒலியிலிருந்து மென்பொருளோ ஸ்பீக்கர்போனோ கழித்துவிடுகிறது. ஹோம் தியேட்டர், புளூடூத் ஸ்பீக்கர் என்று மாட்டினால் ஒலி தாமதமாக வரும், கணக்குத் தப்பும். அதனால் மைக்கும் ஸ்பீக்கரும் ஒரே கருவியில் இருப்பது நல்லது. இன்னொன்று: உங்கள் குரல் உங்களுக்கே திரும்பக் கேட்டால் தவறு பெரும்பாலும் உங்கள் அறையில் இல்லை, எதிர்ப்பக்க அறையில். உங்கள் செட்டிங்கைப் போட்டுக் குடையாமல், அவர்களை ஒலியைக் குறைக்கச் சொல்லுங்கள்.

ஓர் அறையில் ஒரே மைக், ஒரே ஸ்பீக்கர். மூன்று பேர் மூன்று லேப்டாப்பில் ஒரே கூட்டத்தில் நுழைந்தால் ‘வீல்’ என்று ஊளையிடும். திரையைப் பார்க்க நுழைபவர்கள், ஒலியே இல்லாமல் இணையும் வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சோமனூர், பல்லடம் பக்கம் தறிக்கூடத்தை ஒட்டிய அலுவலகம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏசி, மின்விசிறி போல ஒரே சீராக வரும் இரைச்சலை மென்பொருள் நன்றாக நீக்கிவிடும். தறியின் அடி அப்படியல்ல. அதை நீக்கும் முயற்சியில் பேச்சின் ஓரங்களும் வெட்டுப்படும். அங்கே ஸ்பீக்கர்போன் சரிவராது. வாயருகே மைக் நீளும் கம்பி ஹெட்செட்டை ஆளுக்கொன்று மாட்டி, ஆளுக்கொரு லேப்டாப்பில் நுழைவதே சரி. காது மூடியிருப்பதால் ஊளையும் வராது.

படி 5: கேமராவும் வெளிச்சமும்

சாதாரண 1080பி வெப்கேம் போதும். கண்மட்டத்தில், டிவிக்கு நடுவில் வையுங்கள். ஜன்னல் பின்னால் இருந்தால் எல்லோரும் நிழலுருவமாகத்தான் தெரிவார்கள். இடம் மாறி உட்காருங்கள். படம் மினுமினுத்தால் கேமரா செட்டிங்கில் 60 ஹெர்ட்ஸ் என்றிருப்பதை 50 ஆக்குங்கள், நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்.

துணி வியாபாரிகள் கவனிக்க: துணியின் நிற ஷேடை வீடியோவில் காட்டி ஒப்புதல் வாங்காதீர்கள். கேமரா வெளிச்சத்துக்கேற்ப நிறத்தைத் தானாக மாற்றும், அந்தப் பக்கத் திரை இன்னொரு விதமாகக் காட்டும். லேப் டிப் (சாயமேற்றிய சிறு துணி மாதிரி) கூரியரில் போகட்டும், பையர் தன் டி65 (பகல் வெளிச்சம் போன்ற) விளக்குப் பெட்டியில் பார்த்துச் சொல்லட்டும். தையல் பிழை, பிரிண்ட் இடம், லேபிள் போன்றவற்றை வீடியோவில் தாராளமாகக் காட்டலாம். அதற்கு ஒரு போனை ஒலி இல்லாமல் இரண்டாவது ஆளாக நுழைத்து, பின் கேமராவைத் துணிமேல் பிடித்தால் நூல்கூடத் தெரியும். பம்ப் டிராயிங், எக்செல் போன்றவற்றைக் கேமராவில் காட்ட வேண்டாம், திரையைப் பகிருங்கள்.

படி 6: நேரம் குறித்தல்

“நாளைக்கு நாலு மணி” என்று வாட்ஸ்அப்பில் அனுப்பாமல் காலண்டர் அழைப்பு அனுப்புங்கள். ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை கடிகாரத்தை ஒரு மணி முன்னால் நகர்த்திவிடுவார்கள். அப்போது ஜெர்மனி நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் நாலரை. அமெரிக்கா வேறு தேதிகளில் மாற்றுகிறது. அழைப்பு இருந்தால் இந்தக் கணக்கை மென்பொருளே பார்த்துக்கொள்ளும்.

படி 7: கதவைப் பூட்டுங்கள்

லிங்க்கைப் பெரிய குழுக்களில் போடாதீர்கள். காத்திருப்பு அறையைப் போட்டு வைத்து, பெயர் தெரிந்தவரை மட்டும் உள்ளே விடுங்கள். திரை பகிரும்போது முழுத் திரையைக் கொடுக்காமல் அந்த ஒரு விண்டோவை மட்டும் கொடுங்கள். மற்றொரு பையரின் விலைப்பட்டியல் பின்னால் திறந்திருக்கலாம். பதிவு செய்வதானால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கம்பெனி இயக்குநர் குழுக் கூட்டமென்றால் சட்டமும் உண்டு. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 173(2) பிரிவு இயக்குநர்கள் வீடியோ மூலம் கலந்துகொள்ள இடம் தருகிறது. 2014 விதிகளின்படி, தொடக்கத்தில் ஒவ்வொருவரும் பெயர், எங்கிருந்து பேசுகிறார், நிகழ்ச்சி நிரல் கிடைத்ததா, தன்னோடு வேறு யாரும் இல்லையா என்பதைச் சொல்ல வேண்டும். பதிவை அந்த ஆண்டின் தணிக்கை முடியும்வரையாவது பத்திரப்படுத்த வேண்டும். விவரத்தை உங்கள் கம்பெனி செக்ரட்டரியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 8: ஒத்திகையும் கூட்டமும்

அரை மணி நேரம் முன்னால் கூட்டத்தைத் திறந்து, ஒருவரை மொபைல் டேட்டாவோடு வாசலுக்கு அனுப்பிக் கேட்கச் சொல்லுங்கள். மேசையின் நாலு மூலையிலிருந்தும் ஒவ்வொருவர் பேசட்டும். எதிர்ப்பக்கத்தவரின் போன் எண்ணும் எழுதி வைத்திருக்க வேண்டும், எல்லாம் படுத்துவிட்டால் போனில் பேசலாம்.

ஆட்சியரின் ஆய்வுக் கூட்டம் போல நிறைய அலுவலகங்கள் நுழையும் இடத்தில், அழைக்கும்வரை மைக் அணைந்தே இருக்கட்டும். பேசும்முன் ஒன்றியத்தின் பெயரையும் உங்கள் பெயரையும் சொல்லுங்கள்: “வணக்கம் மேடம், பெருந்துறை ஒன்றியத்திலிருந்து பேசுகிறேன்” என்றால் அங்கே யாரும் தேட வேண்டியதில்லை. ஒவ்வொரு பதிலுக்கும் பிறகு ஒரு நொடி விடுங்கள். ஒலி தாமதமாகப் போய்ச் சேர்வதால், அப்படி விடாவிட்டால் இருவர் குரலும் மோதும்.

பேசி முடித்ததும் ஒப்புக்கொண்ட தேதி, விலை, அளவு மூன்றையும் அன்றே மின்னஞ்சலில் எழுதி அனுப்புங்கள். கூட்டத்தை நடத்தியவர் வெறுமனே வெளியேறாமல், எல்லோருக்கும் முடித்துவிடும் பொத்தானை அழுத்த வேண்டும். பையரின் கூட்டமென்றால் நீங்கள் வெளியேறி, ஸ்பீக்கர்போனின் பச்சை விளக்கு அணைந்ததைப் பார்த்த பிறகு உங்களுக்குள் விலையைப் பற்றிப் பேசுங்கள்.