கயோட்டித் தொல்லை: எங்கள் கோழிகளைக் காப்பாற்றியது தரையில் விரித்த வலை

அமெரிக்காவின் டெக்சாஸில், ஆஸ்டினுக்கு மேற்கே, ஹில் கன்ட்ரி பக்கம் ஒன்றரை ஏக்கர் மனையில் குடியிருக்கிறோம். வீட்டுக்குப் பின்னால் இங்கே எல்லோரும் சீடர் என்று சொல்லும் ஜூனிபர் மரக்காடு. ஆறு கோழி வளர்த்தோம். இரண்டு வருடம் முன்பு ஜனவரியில் ஒரே ராத்திரியில் மூன்று போய்விட்டது. காலையில் போய்ப் பார்த்தால் கூட்டின் மூலையில் ஒரு சாண் அகலத்துக்கு மண் பறித்திருந்தது. கம்பியின் கீழ்முனையில் பழுப்பும் சாம்பலுமாகக் கொஞ்சம் முடி. எங்கள் மனையில் நாலு விரல் மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புப் பாறைதான். அந்த மூலையில் மட்டும் மண் ஆழம். அதைக் கண்டுபிடித்து அங்கேயே தோண்டியிருக்கிறது கயோட்டி, அதாவது ஓநாயைவிடச் சிறிய, நரி மாதிரியான காட்டு விலங்கு. அதற்குப் பிறகு நாங்கள் செய்ததை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில், வந்தது கயோட்டிதானா என்று பாருங்கள். நாயின் காலடி அகலமாக, விரல் விரிந்து, இங்குமங்கும் அலைந்திருக்கும். கயோட்டியுடையது ஒடுங்கிய முட்டை வடிவம்; முன் நகங்கள் இரண்டும் நெருங்கி இருக்கும்; நூல் பிடித்த மாதிரி நேர்கோட்டில் போகும். ஊளைச் சத்தத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். இரண்டு மூன்று சேர்ந்து குரலை மாற்றி மாற்றி ஊளையிட்டாலே பத்துப் பதினைந்து இருப்பதுபோல் கேட்கும்.

அடுத்து, தீனியை எடுத்துவிடுங்கள். நாய், பூனை உணவு ராத்திரி வெளியே இருக்கக்கூடாது. அத்தி, பீச் மரத்தடியில் விழுந்த பழத்தை அன்றன்றே பொறுக்க வேண்டும். பறவைக்குத் தொங்கவிடும் தானியம் கீழே சிந்தினால் எலி வரும், எலிக்காகக் கயோட்டி வரும். எங்கள் வீட்டில் இன்னொன்றும் இருந்தது. அம்மா வந்திருந்த மாதங்களில் தினமும் காக்கைக்குச் சோறு வைப்பார். இங்கே அதைத் தின்ன வருவது கிராக்கிள் பறவைகள். மீதிச் சோறு ராத்திரி வரை கிடக்கும். வைக்கவேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விஷயத்தைச் சொன்னதும், "அதுக்கென்னப்பா, பறவை தின்னதும் தட்டை எடுத்துடறேன்" என்றார். அவ்வளவுதான், அது தீர்ந்தது.

சரி, இப்போது கூடு. கடையில் கோழிவலை என்று விற்கும் அறுகோணக் கண் வலை, கோழி வெளியே போகாமல் இருக்கத்தான் உதவும். கயோட்டி அதைக் கடித்துப் பிய்த்துவிடும். வாங்க வேண்டியது ஹார்டுவேர் கிளாத். பெயரில் கிளாத் இருந்தாலும் துணியில்லை, துத்தநாகம் பூசிய கம்பி வலை. அரை அங்குலச் சதுரக் கண், 19 கேஜ் (கம்பியின் தடிமன் எண்). 23 கேஜ் விலை குறைவு, ஆனால் கேஜ் எண் கூடக்கூடக் கம்பி மெல்லிசு, அதை வாங்காதீர்கள். வெட்ட நல்ல டின் ஸ்னிப்பும் (தகடு வெட்டும் கத்தரி) தோல் கையுறையும் வேண்டும். வெட்டிய முனை கையைக் கிழிக்கும்.

நான் மாட்டிக்கொண்ட இடம் இதுதான். பார்த்த வீடியோவில் எல்லாம் ஓரடி ஆழம் பள்ளம் வெட்டி வலையைப் புதைக்கச் சொன்னார்கள். பாறையில் எப்படி வெட்டுவது? இரண்டு சனிக்கிழமை கடப்பாறையோடு போராடிவிட்டு விட்டேன். புதைக்கவே வேண்டாம், படுக்க விரித்தால் போதும் என்று பிறகுதான் தெரிந்தது. மூன்றடி அகலச் சுருளை எடுத்து, ஓரடிக்கு ஒரு பலகையை வைத்து அழுத்தி நீளவாக்கில் எல் வடிவில் மடியுங்கள். ஓரடி கூட்டின் சுவரோடு மேலே ஏறும், இரண்டடி வெளிப்பக்கம் தரையில் பாவாடை மாதிரி விரியும். சுவரோடு நாலு அங்குலத்துக்கு ஒரு கட்டுக்கம்பி முறுக்குங்கள். கயோட்டி சுவரை ஒட்டித்தான் பறிக்கத் தொடங்கும். காலுக்குக் கீழே கம்பி தட்டினால் பக்கத்தில் நகர்ந்து பறிக்கும், இரண்டடி பின்னால் தள்ளிப்போய்த் தோண்ட அதற்குத் தோன்றாது.

இதிலும் ஒரு ஓட்டை உண்டு. இரண்டு பக்கத்து வலையும் மூலையில் சந்திக்கும்போது வெளியே ஒரு சதுரம் வெறுமனே நிற்கும். முதல்முறை அதை நான் கவனிக்கவில்லை. ஒரு வாரத்தில் அங்கே புதிதாய்ப் பறித்த மண் கிடந்தது. ஒவ்வொரு மூலைக்கும் மூன்றடிக்கு மூன்றடி தனித்துண்டு வெட்டி, இரு பக்க வலை மேலும் ஏறும்படி வைத்துக் கட்டுங்கள். வாசலுக்கு முன்னால் கனமான நடைக்கல் பதியுங்கள். தரையில் குத்தும் யூ ஆணி எங்கள் பாறையில் இறங்கவில்லை. ஓரம் முழுக்க கல் அடுக்கினேன்.

மேலேயும் மூட வேண்டும். ஆறடி வேலியைக் கயோட்டி ஏறித் தாண்டிவிடும். கதவுக்குச் சாதாரணக் கொக்கி போதாது, ரக்கூன் என்ற பூனை அளவு விலங்கு கையால் திறந்துவிடும், காரபைனர் (ஸ்பிரிங் வாய் வைத்த உலோக வளையம்) மாட்டுங்கள்.

பகலிலேயே வந்து நின்றால் விரட்டுங்கள். கையை உயர்த்தி, பாத்திரத்தைத் தட்டி, கத்திக்கொண்டே அதை நோக்கி நடங்கள். ஓடாதீர்கள், முதுகு காட்டாதீர்கள். கொஞ்சதூரம் போய் நின்று திரும்பிப் பார்க்கும். அங்கே நிறுத்திவிட்டால் அடுத்தமுறை அந்த தூரம்வரை தைரியமாக வரும். கண்ணுக்கு மறையும்வரை விடக்கூடாது. ஏப்ரல், மே மாதங்களில் குட்டி போடும். வளைக்குப் பக்கத்தில் இருந்தால் விரட்டாமல் விலகிவிடுங்கள். மினுக்கும் விளக்கு எனக்குப் பயன்படவில்லை, சில நாளில் பழகிவிட்டது. அசைவு கண்டால் தண்ணீர் பீய்ச்சும் குழாய் எவ்வளவோ மேல்.

பின் சேர்க்கை: கூண்டு வைத்துப் பிடித்துத் தூரத்தில் விடலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். டெக்சாஸில் உயிருள்ள கயோட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போவது சட்டப்படி குற்றம். 1988இல் தெற்கு டெக்சாஸ் கயோட்டிகளிடையே வெறிநோய் பரவியது. அதை அடக்க, தடுப்பு மருந்து வைத்த இரையை 1995 முதல் விமானத்திலிருந்து போட்டார்கள். அந்தப் பயம்தான் இந்தத் தடைக்குக் காரணம்.

இன்னொருவர், புல்வெட்டும் இயந்திரம் வலை ஓரத்தில் மாட்டியது என்று எழுதியிருந்தார். ஓரத்தை ஒரு அங்குலம் கீழ்நோக்கி மடித்து, மேலே இரண்டு அங்குலம் சரளை கொட்டுங்கள். பெரிய மழைக்குப் பிறகு சரளை ஒதுங்கிவிடும். சுற்றி ஒருமுறை நடந்து, காலால் அழுத்திப் பாருங்கள்.