வைட்ஹெட் டார்பிடோவின் உட்புறத்தைப் புரிந்துகொள்வது எப்படி?

டார்பிடோ என்பது நீருக்கடியில் தானே ஓடிச் சென்று கப்பலைத் தாக்கும் வெடியாயுதம். கடற்படை அருங்காட்சியகத்தில் பழைய டார்பிடோவையோ அதன் வெட்டுத்தோற்ற வரைபடத்தையோ பார்ப்பவர்கள் பெரும்பாலும் மூக்கிலிருக்கும் வெடிமருந்துப் பகுதியிலேயே நின்றுவிடுகிறார்கள். நீங்கள் வாலிலிருந்து தொடங்குங்கள்.

முதலில் புரொப்பல்லர்களை எண்ணுங்கள். ஒன்றே இருந்து, உடலின் மேலும் கீழும் நீண்ட துடுப்புகள் ஓடினால், அது மிகப் பழைய வகை. ஒற்றைப் புரொப்பல்லர் சுழலும்போது உடல் எதிர்த்திசையில் உருள முற்படும். அதைத் தடுக்கவே அந்தத் துடுப்புகள். பின்னாளில் எதிரெதிராகச் சுழலும் இரண்டு புரொப்பல்லர்களைப் பொருத்தி இந்தச் சிக்கலைத் தீர்த்தார்கள். தண்டின் நடுவே துளை இருக்கிறதா என்றும் பாருங்கள். எஞ்சினை இயக்கி வேலை முடித்த அழுத்தக் காற்று அதன் வழியே வெளியேறிக் குமிழித் தடமாக மேலே வரும். எதிரிக் கப்பலின் காவலருக்கு அதுவே எச்சரிக்கை.

அடுத்து, உடலின் பெரும்பகுதியை அடைத்திருக்கும் காற்றுக்கலத்தைக் காணுங்கள். அன்று ஆஸ்திரியப் பேரரசின் துறைமுகமாகவும் இன்று குரோவேஷியாவின் ரியேக்காவாகவும் உள்ள ஃபியூமேயில், ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி ஜொவான்னி லூப்பிஸின் கயிற்றால் இயக்கும் வெடிபடகு யோசனையைக் கைவிட்டு, ஆங்கிலேயப் பொறியாளர் ராபர்ட் வைட்ஹெட் 1866-இல் உருவாக்கிய கருவி, சுமார் 25 வளிமண்டல அழுத்தக் காற்றைக் கொண்டு மணிக்கு ஆறேழு கடல்மைல் வேகத்தில் ஏறக்குறைய 200 கெஜம் ஓடியது. காற்று விரியும்போது குளிர்ந்து வலுவிழப்பதால், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைச் சூடேற்றும் முறை வரும்வரை வேகமும் தூரமும் கட்டுண்டே இருந்தன.

இனி மிகப் பொறுமையாகப் பார்க்க வேண்டிய ஆழக்கட்டுப்பாட்டு அறைக்கு வாருங்கள். சில வகைகளில் இது காற்றுக்கலத்துக்கு முன்னும், சிலவற்றில் பின்னும் இருக்கும். 1868 வாக்கில் வைட்ஹெட் கண்ட இந்த அமைப்பு ‘இரகசியம்’ என்றே அழைக்கப்பட்டது. என் பார்வையில் அவருடைய உண்மையான கண்டுபிடிப்பு இதுதான். ஒரு வட்டை ஒருபுறம் கடல்நீரும் மறுபுறம் சுருள்வில்லும் அழுத்துகின்றன; ஆழம் கூடினால் வட்டு உள்ளே தள்ளப்பட்டு, கிடைமட்டச் சுக்கானை மேல்நோக்கித் திருப்பும். இது மட்டும் இருந்தால், சைக்கிள் பழகுபவர் கைப்பிடியை இடமும் வலமும் அளவுக்கு மீறித் திருப்புவதுபோல, டார்பிடோ ஏறியும் இறங்கியும் அலைபாயும். ஆகவே முன்னும் பின்னும் ஆடும் கனத்த ஊசலையும் அதே இணைப்பில் பூட்டினார். மூக்கு சாய்ந்தவுடனே ஊசல் அதை உணர்ந்து சுக்கானின் திருப்பத்தைக் குறைத்துவிடும்.

கடைசியாக, பின்பகுதியில் கைரோஸ்கோப் (வேகமாகச் சுழன்று, திசை மாறாமல் நிற்கும் சக்கரம்) இருக்கிறதா என்று தேடுங்கள். லுட்விக் ஓப்ரியின் அந்தக் கருவி 1890-களின் நடுவில்தான் வந்தது. அதற்கு முந்தைய டார்பிடோ பக்கவாட்டில் விலகினால் திருத்த வழியில்லை. போர்ப் பதிவுகளைப் படிக்கும்போது இதை மனத்தில் வையுங்கள். 1877-இல் பிரிட்டனின் ‘ஷா’ கப்பல், ஓடிக்கொண்டிருந்த பெரு நாட்டுக் கப்பலான ‘ஹுவாஸ்கர்’ மீது ஏவிய டார்பிடோ தவறிப்போனது. மறு ஆண்டில் கடற்படை அதிகாரி மக்காரோவின் ரஷ்யப் படகுகள் கருங்கடல் துறைமுகமான பத்தூமில் நங்கூரமிட்டிருந்த துருக்கியக் கப்பலை மூழ்கடித்தன. 1891-இல் சிலியின் ‘பிளாங்கோ என்கலாடா’ போர்க்கப்பல் கால்டெரா விரிகுடாவில் நின்ற நிலையிலேயே டார்பிடோ தாக்கி மூழ்கியது.