பிலாட்டிஸ்: ஒரு பாய் போதும், தொடங்கலாம்

ஜெர்மனியில் 1883-இல் பிறந்த ஜோசப் பிலாட்டிஸ் முதல் உலகப் போரின்போது இங்கிலாந்தில் கைதியாக அடைபட்டிருந்த காலத்தில் வளர்த்தெடுத்த பயிற்சி இது. ஸ்பிரிங் வைத்த ரிஃபார்மர் இயந்திரத்தைப் பார்த்து மிரள வேண்டாம், தொடங்குபவருக்கு அது தேவையே இல்லை. கொஞ்சம் தடிமனான பாய் இருந்தால் சரி.

எடை சட்டென்று குறையும் என்று நம்பி வராதீர்கள். வயிறு, இடுப்பு, முதுகைத் தாங்கும் உள்தசைகள் வலுப்பெறும், கூன் போடாமல் உட்கார வரும், நாள் முழுக்க கணினி முன் இருப்பவர்களுக்கு அதுவே பெரிய லாபம்.

முதலில் மூச்சு. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, மூக்கால் இழுக்கும்போது விலா எலும்புகள் பக்கவாட்டில் விரியட்டும், வாயால் விடும்போது தொப்புளை மெல்ல உள்ளே இழுங்கள். அப்புறம் 'ஹண்ட்ரட்': கைகளை உடம்போடு நீட்டி, தரையிலிருந்து சற்று உயர்த்தி, சின்னச் சின்னதாக மேலும் கீழும் அசைத்தபடி 5 எண்ணும்வரை மூச்சை இழுத்து, 5 எண்ணும்வரை விடுங்கள், இப்படிப் பத்து முறை, மொத்தம் நூறு அசைவு. தலையையும் கால்களையும் தூக்கிச் செய்வதுதான் முழு வடிவம், ஆனால் கழுத்து வலித்தால் தலை தரையிலேயே இருக்கட்டும், பாதங்களும்தான். யாரும் மார்க் போடப்போவதில்லை.

வாரம் இரண்டு மூன்று நாள், இருபது நிமிடம் போதும். வேகம் வேண்டாம். கர்ப்பிணிகள், டிஸ்க் பிரச்சினை அல்லது எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.