கதைக்குள் கதை வைக்கும்போது எங்கே சறுக்குகிறோம்?

குறும்படம் எடுக்க வருபவர்களின் திரைக்கதைகளைப் படித்துக் கருத்துச் சொல்வது சில ஆண்டுகளாக என் வேலைகளில் ஒன்று. கைக்கு வருகிற பிரதிகளில் நிறைய ஒரே மாதிரித்தான் தொடங்கும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு பெரியவர் படுத்திருப்பார். வீட்டில் பரணிலிருந்து இரும்புப் பெட்டி இறங்கும், அதற்குள் ஒரு டைரி இருக்கும். மகள் முதல் பக்கத்தைப் புரட்டியதும் திரையில் ‘1988’ என்று எழுத்து வரும். அங்கிருந்து முன்கதை ஓடி முடிந்து, கடைசிக் காட்சியில் டைரி மூடப்படும். மகளின் கண்ணில் ஒரு சொட்டு நீர். படம் முடிந்தது.

எழுதியவரிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: டைரியைப் படிக்கிற மகளுக்கு இன்றைக்கு என்ன பிரச்சினை? பெரும்பாலும் பதில் வராது. கீழே சொல்லப்போகும் தவறுகளில் பெரியது இதுதான். மற்றவற்றில் பல இதிலிருந்து கிளைப்பவை. சில படங்களின் முடிவைத் தொட்டுத்தான் பேச முடியும் என்பதால், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம்.

வெளிக்கதை வெறும் கதவாக நிற்பது

கதை சொல்லப்படுகிற இடத்தை வெளிக்கதை என்றும், அங்கே சொல்லப்படுவதை உள்கதை என்றும் வைத்துக்கொள்வோம். இந்த அமைப்பு நமக்குப் புதிதல்ல. விக்கிரமாதித்தன் வேதாளத்தைத் தோளில் சுமந்து நடக்கிறான். வேதாளம் ஒரு கதை சொல்லிக் கேள்வி கேட்கிறது. விடை தெரிந்தும் வாய் திறக்காவிட்டால் தலை வெடித்துவிடும். திறந்தாலோ மௌனம் கலைந்து வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிவிடும். கதை கேட்பது அவனுக்கு நிஜமாகவே தலை போகிற காரியம். கடைசியில், வேதாளத்தைக் கொண்டுவரச் சொன்ன சாமியாரே அரசனைப் பலியிடக் காத்திருக்கிறான் என்பதும் அந்த வேதாளத்தின் வாயால்தான் தெரியவருகிறது. நடுவில் வந்த கதைகள் பல மறந்துபோயிருக்கும், தோளில் வேதாளத்தோடு நடக்கிற அரசன் யாருக்கும் மறப்பதில்லை. 2017இல் புஷ்கர்-காயத்ரி ‘விக்ரம் வேதா’வில் இதைப் போலீஸுக்கும் ரவுடிக்குமான கதையாக்கியபோதும் அந்த உயிர்நாடியை விடவில்லை. வேதா சொல்லும் கதை கேள்வியில் முடியும். அதற்கு விக்ரம் கண்டுபிடிக்கிற விடை, அவன் அடுத்து எங்கே போகிறான் என்பதைத் தீர்மானிக்கும்.

அகிரா குரோசாவாவின் ‘ராஷோமோன்’ (1950) என்றாலே, ஒரு சாமுராயின் சாவை நான்கு பேர் நான்கு விதமாகச் சொல்லும் படம் என்றுதான் எல்லோரும் சொல்வோம். அந்தச் சாட்சியங்கள் நம்மிடம் எப்படி வந்து சேருகின்றன என்று பாருங்கள். இடிந்து கிடக்கும் நகரவாசலில் மூன்று பேர் மழைக்கு ஒதுங்கியிருக்கிறார்கள்: ஒரு விறகுவெட்டி, ஒரு துறவி, ஒரு வழிப்போக்கன். பேச்சு முடிகிற நேரத்தில் அங்கே ஒரு கைக்குழந்தை அழுகிறது. யாரோ விட்டுவிட்டுப் போன குழந்தை. வழிப்போக்கன் அதன் மேல் கிடந்த துணியை உருவுகிறான். தடுக்க வந்த விறகுவெட்டியிடம், சாமுராய் செத்த இடத்திலிருந்து காணாமல் போன குறுங்கத்தி எங்கே என்று மடக்குகிறான். திருடியது யார் என்று நமக்கும் விளங்கிவிடுகிறது. அதன்பின் அதே விறகுவெட்டி குழந்தையை வாங்கக் கை நீட்டுகிறான். துறவி பதறிப் பின்வாங்குகிறார். ‘எனக்கு ஏற்கெனவே ஆறு பிள்ளைகள், இன்னொன்றால் கஷ்டம் கூடிவிடாது’ என்கிறான் அவன். நாலு சாட்சியமும் சேர்ந்து உண்டாக்கிய அவநம்பிக்கை முழுவதும் அந்த நீட்டிய இரண்டு கைகளில் வந்து நிற்கிறது. நாமும் துறவியைப் போலவே ஒரு கணம் அந்தக் கைகளைச் சந்தேகிக்கிறோம். உள்கதை வெளிக்கதையைத் தொட்டு அசைப்பது என்றால் இதுதான். அந்த வாசலும் மழையும் இல்லாமல் வழக்கை மட்டும் காட்டியிருந்தால் அது சாமர்த்தியமான ஒரு புதிராக நின்றிருக்கும்.

டைரிப் பெட்டிக் கதை எழுதிய தம்பி ஒருவரிடம் இதைச் சொல்லி, மகளுக்கு ஒரு வேலை கொடுங்கள் என்றேன். இரண்டு நாள் கழித்து வந்தார். மகள் ஊருக்கு வந்ததே அப்பாவிடம் நிலத்துக்குக் கையெழுத்து வாங்கத்தான். மறுநாள் காலை சார்பதிவாளர் அலுவலகத்தில் டோக்கன் போட்டாகிவிட்டது. வாங்குகிறவர் முன்பணம் கொடுத்துவிட்டார். பெட்டியைத் திறப்பதே பழைய பட்டாவைத் தேடித்தான். முன்கதைக் காட்சிகளில் ஒரு வரிகூட மாறவில்லை. ஆனால் 1988இல் அப்பா அந்தக் கிணற்றை வெட்டும் காட்சியைப் படித்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது, ஏனென்றால் விடிந்தால் பத்திரப்பதிவு.

எல்லாவற்றையும் ‘ராஷோமோன்’ என்று சொல்வது

இது எழுதுபவர்களும் விமர்சிப்பவர்களும் சேர்ந்து செய்யும் தவறு. ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் கதை சொன்னாலே அந்தப் பெயரை ஒட்டிவிடுகிறோம். நம் மொழியின் இரண்டு நல்ல படங்களே அந்தப் பெயரால் மங்கிப்போயிருக்கின்றன.

எஸ். பாலசந்தர் இயக்கி 1954இல் வந்த ‘அந்த நாள்’ பாட்டே இல்லாத படம். 1943 அக்டோபரில் ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு போட்ட நாட்களில் நடக்கும் கதை. சிவாஜி கணேசன் நடித்த ரேடியோ இன்ஜினியர் ராஜன், படம் தொடங்கியதுமே சுடப்பட்டுச் சாகிறான். விசாரணை நடக்க நடக்க, அக்கம்பக்கத்தவரும் உறவினரும் தங்களுக்குத் தெரிந்த ராஜனைச் சொல்கிறார்கள். கவனித்தால், அவர்கள் ஒரே சம்பவத்தைப் பற்றி முரண்படவில்லை. ஒவ்வொருவரும் வேறு வேறு சம்பவத்தைச் சொல்கிறார்கள், ஒவ்வொரு சம்பவமும் ஒருவர் மேல் சந்தேகத்தைத் திருப்புகிறது. கொன்றது யார் என்பதற்கு ஐயமில்லாத விடையும் உண்டு. ராஜனின் மனைவி உஷாவாகப் பண்டரிபாய் கடைசியில் சொல்வது பொய்யில்லை. முன்கதை இங்கே தவிர்க்க முடியாதது, அதுதான் அழகு. நாயகன் செத்துவிட்டான். பிறர் நினைவில் வந்தால்தான் அவன் திரையில் இருக்க முடியும்.

கமல்ஹாசனின் ‘விருமாண்டி’ (2004) இன்னொரு வகை. மரண தண்டனை பற்றிய ஆவணப்படத்துக்காக ஏஞ்சலா காத்தமுத்து சிறைக்குள் கேமராவோடு வருகிறார். அங்கே கைதியாக இருக்கும் கொத்தாளத் தேவர் முதலில் நடந்ததைச் சொல்கிறார், பிறகு இன்னொரு கைதியான விருமாண்டி. தேவர் சொல்லும் கதையில் அன்னலட்சுமியைப் பலவந்தமாகக் கொண்டுபோகிற முரடன், விருமாண்டி சொல்லும் கதையில் அவளைக் காதலித்துக் கைப்பிடித்தவன். ஒரே ஊர், அதே ஆட்கள், வேறு அர்த்தம். ஆனால் இரண்டாவது கதைதான் உண்மை என்று படம் நமக்கு உறுதியாகச் சொல்லிவிடுகிறது. அதனால் முதல் கதையின் வேலை, பார்வையாளரைத் தவறாகத் தீர்ப்புச் சொல்ல வைப்பது. தூக்குத் தண்டனையைப் பற்றிய படத்தில் நாமே ஒருவனை முதல் பாதியில் மனதுக்குள் தூக்கில் போட்டுவிடுகிறோம். பின்னர் சிறையில் கலவரம் வெடித்து, பேட்டி எடுக்க வந்தவரும் உள்ளே மாட்டிக்கொள்ள, வெளிக்கதை தனியாகத் தீப்பிடிக்கிறது.

எனவே எழுதும் முன் முடிவு செய்துகொள்ளுங்கள். உண்மை கடைசிவரை தெரியாமலே இருக்கப்போகிறதா, துண்டு துண்டாகச் சேர்ந்து முழுமையாகப் போகிறதா, ஒரு பொய்யைப் பின்னால் வரும் உண்மை கவிழ்க்கப்போகிறதா? மூன்றும் மூன்று விதமான படங்கள். நடுவழியில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவினால், பார்ப்பவர் குழம்பிப்போவார், அந்தக் குழப்பத்தால் அவருக்கு எந்த லாபமும் இருக்காது.

சொல்பவருக்குத் தெரியாததைக் காட்டுவது

சிலப்பதிகாரத்தின் முகவுரையான பதிகத்தில், கண்ணகியின் கதையைக் கேட்ட புலவர் சாத்தனார் தனக்கும் அது தெரியும் என்கிறார். மதுரைத் தெய்வம் கண்ணகியிடம் பேசியதைத் தான் கேட்டதாகச் சொல்கிறார். தெய்வம் பேசியது இவருக்கு எப்படிக் கேட்டது? ‘வெள்ளியம்பலத்து நள்ளிருட் கிடந்தேன்’ என்று அதற்கும் காரணம் இருக்கிறது. நடுராத்திரி அங்கே படுத்திருந்தார், காதில் விழுந்தது. ஒரே ஒரு அடி. உனக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கும் முன்பே வந்துவிடுகிற அந்த அடியை நான் வியக்காத நாளில்லை.

நம் திரைக்கதைகளில், ராமு சொல்லும் முன்கதைக்குள் ராமு இல்லாத அறையில் இரண்டு பேர் ரகசியம் பேசுவார்கள். இது எப்போதும் குற்றம் என்று நான் சொல்லமாட்டேன். ‘டைட்டானிக்’ (1997) முழுக்க மூதாட்டி ரோஸ் சொல்வதாகத்தான் அமைந்திருக்கிறது. கப்பலின் இயந்திர அறையில் நடந்ததை அவர் பார்த்திருக்க வழியில்லை. யாருக்கும் அது உறுத்துவதில்லை, ஏனென்றால் அந்த அறையில் என்ன நடந்தது என்பதில் கதையின் புதிர் எதுவும் தொங்கவில்லை. ஒரு ரகசியம் யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது என்பதில்தான் உங்கள் கதை நிற்கிறது என்றால், இந்த மீறலுக்கு மன்னிப்பே கிடையாது.

இதன் உறவுக்காரத் தவறு, முன்கதையே பொய் சொல்வது. ஹிட்ச்காக் 1950இல் எடுத்த ‘ஸ்டேஜ் ஃப்ரைட்’ படத்தில் ஆரம்பத்தில் வரும் முன்கதை பொய் என்று பின்னால் தெரியும். அப்படிச் செய்திருக்கக் கூடாது என்று அவரே பிறகு பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவிடம் ஒத்துக்கொண்டார். அப்படியானால் ‘ராஷோமோன்’ மட்டும் எப்படிப் பொய் காட்டலாம்? அங்கே சாட்சிகள் நேராகக் கேமராவைப் பார்த்துப் பேசுகிறார்கள். நீதிபதியின் முகமும் குரலும் படத்தில் வரவே வராது. அந்த இடத்தில் நம்மை உட்கார வைத்துவிட்டு, இது வாக்குமூலம், எடைபோட்டுக்கொள் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார் குரோசாவா. பொய் சொல்லலாம், ஆனால் ஒருவர் சொல்லக் கேட்கிறோம் என்கிற நினைவு நமக்கு இருக்க வேண்டும்.

கலைத்துப் போட்டால் ஆழம் வந்துவிடும் என்று நம்புவது

நேராகச் சொன்னால் சாதாரணமாக இருக்கிறது, அதனால் எடிட்டிங்கில் மாற்றிப் போட்டோம் என்று சொல்பவர்கள் அதிகம். எனக்கு வருத்தம் தரும் வாக்கியம் இது. காலத்தைக் கலைப்பது கடைசியில் தடவுகிற சாயம் இல்லை. ஒரு செய்தியைப் பார்வையாளர் எப்போது அறிய வேண்டும் என்பதைப் பற்றிய முடிவு.

கிறிஸ்டோஃபர் நோலனின் ‘மெமெண்டோ’ (2000) வண்ணக் காட்சிகளைப் பின்னோக்கியும், கறுப்பு வெள்ளைக் காட்சிகளை முன்னோக்கியும் நகர்த்தி, முடிவில் இரண்டையும் சந்திக்க வைக்கிறது. நாயகனுக்குப் புதிய நினைவுகள் தங்காது. காட்சி பின்னோக்கிப் போவதால் ஒவ்வொரு முறையும், இதற்கு முன்னால் என்ன நடந்தது என்று தெரியாமல் நாமும் அவனைப் போலவே விழிக்கிறோம். அவனுடைய நோயை நமக்கும் கொடுப்பதற்காக வந்த வரிசை அது. ஏ.ஆர். முருகதாஸின் ‘கஜினி’ (2005) அதே மாதிரியான மறதியை எடுத்துக்கொண்டாலும் தலைகீழ் வரிசையை எடுத்துக்கொள்ளவில்லை. அதைக் குறையாகச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நாயகனின் காதலி கல்பனா கொல்லப்பட்டாள் என்பதை முதலில் சொல்லிவிட்டு, பிறகு டைரி வழியாக அவள் சிரிப்பையும் குறும்பையும் காட்டுகிறது படம். நாம் சிரிக்கிற ஒவ்வொரு காட்சிக்கும் அடியில் அவள் சாவு தெரிந்துகொண்டே இருக்கிறது. இந்த நோக்கத்துக்கு அந்த வரிசை சரி. மணிரத்னத்தின் ‘அலைபாயுதே’யும் (2000) அப்படித்தான்: நாயகனின் மனைவி சக்தி இன்னும் வீடு திரும்பவில்லை என்ற பயத்தோடு பார்ப்பதால்தான் சாதாரணக் காதல் காட்சிகளும் அவ்வளவு கனக்கின்றன.

நிதிலன் சுவாமிநாதனின் ‘மகாராஜா’ (2024) வேறு வழியில் போகிறது. இரண்டு குடும்பங்களின் கதை ஒரே காலத்தில் நடப்பதாக நம்மை நினைக்க வைத்து, நடுவில் பல வருட இடைவெளி இருப்பதைத் தாமதமாகத் திறக்கிறது. இந்த உத்தியைப் பார்த்துவிட்டுக் காலத்தை ஒளிக்கும் பிரதிகள் எனக்கு இப்போது நிறைய வருகின்றன. எதையாவது ஒளித்தால் திருப்பம் கிடைத்துவிடும் என்று நினைக்கிறார்கள். ‘மகாராஜா’வில் இடைவெளி திறக்கும்போது, நாயகன் வளர்க்கும் பெண் குழந்தை யார் என்பதும் சேர்ந்தே திறக்கிறது. அது இல்லாமல் வருடக் கணக்கு மட்டும் வெளிப்பட்டால், பார்ப்பவர் ‘ஓ’ என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார்.

இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஒவ்வொரு காட்சியையும் ஓர் அட்டையில் எழுதி, நடந்த வரிசையில் தரையில் பரப்புங்கள். அந்த வரிசையிலேயே கதை நிற்கிறதா என்று பாருங்கள். நிற்காத கதையைக் கலைத்துப் போட்டுக் காப்பாற்ற முடியாது. பிறகு காட்டப்போகும் வரிசைக்கு அட்டைகளை மாற்றுங்கள். இடம் மாறிய ஒவ்வொரு அட்டைக்குப் பின்னாலும், இங்கே வருவதால் பார்ப்பவருக்கு என்ன கிடைக்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள். எழுத முடியாத அட்டையைப் பழைய இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

கேள்வி பழுக்கும் முன் முன்கதைக்குள் நுழைவதும் அடிக்கடி நடப்பது. ‘பாட்ஷா’வில் (1995) ஆட்டோக்காரர் மாணிக்கம் யார் என்று திரையரங்கமே கேட்கத் தொடங்கிய பிறகுதான் பம்பாய்க் கதை வருகிறது. பலர் ஐந்தாவது நிமிடத்தில், யாரும் எதுவும் கேட்காதபோதே, பள்ளிக்கூட நாட்களுக்குப் போய்விடுகிறார்கள்.

காலம் மாறுவதைக் காட்ட எழுத்துப் பலகையை மட்டும் நம்பாதீர்கள். ‘மூன்று மாதங்களுக்கு முன்’, ‘அதற்கும் இரண்டு வாரம் முன்’ என்று வந்தால் யாரும் கணக்குப் போடமாட்டார்கள். தாடி, நெற்றிக் காயம், புதிதாக வெள்ளையடித்த சுவர் என்று கண்ணில் படும் ஒன்று போதும். ‘ஹே ராம்’ (2000) இன்றைய காலத்தைக் கறுப்பு வெள்ளையிலும் கடந்த காலத்தை வண்ணத்திலும் வைத்தது. வழக்கத்துக்கு நேர்மாறானது, ஆனால் பார்ப்பவர் ஒரு நிமிடத்தில் பழகிக்கொள்கிறார். விதி எதுவானாலும் படம் முழுக்க அதை மாற்றாமல் இருந்தால் சரி.

அந்தத் தம்பியின் மூன்றாவது பிரதி போன மாதம் வந்தது. ‘1988’ என்ற எழுத்தை எடுத்துவிட்டார். பாதி வெட்டிய கிணற்றிலிருந்து வாளியில் மண் மேலே வருகிறது. அங்கே காட்சியை வெட்டி, அதே கிணற்றின் மேல் இன்று படர்ந்திருக்கும் ஆலஞ்செடியைக் காட்டுகிறார். கடைசிக் காட்சியில் மகள் அழவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் வாங்குகிறவர் பேனாவை நீட்டுகிறார். அவள், கிணறு இருக்கிற சர்வே எண்ணை மட்டும் பத்திரத்திலிருந்து எடுக்க முடியுமா என்று கேட்கிறாள்.