ஆசிய பசிபிக் முழுக்க ஒரே வர்த்தக ஒப்பந்தம்: அது எவ்ளோ தூரம் வந்திருக்குன்னு நீங்களே பாத்து தெரிஞ்சுக்கறது எப்படி

வருஷா வருஷம் அக்டோபர் நவம்பர் பக்கம் ஏபெக், அதாவது ஆசிய பசிபிக் பொருளாதார ஒத்துழைப்பு அமைப்போட தலைவர்கள் வரிசையா நின்னு போட்டோ எடுத்துக்குவாங்க, மறுநாள் "ஆசிய பசிபிக் சுதந்திர வர்த்தகப் பகுதி நோக்கி முன்னேற்றம்"னு செய்தி வரும், அத படிச்சிட்டு ஏதோ நடந்து முடிஞ்சிடுச்சுன்னு நினைக்கறவங்களும் இருக்காங்க, இதெல்லாம் வெறும் பேச்சுன்னு ஒதுக்கி தள்றவங்களும் இருக்காங்க. ரெண்டுமே சரியில்லங்க. நான் பல வருஷமா ஏற்றுமதி டாக்குமெண்ட் வேலையில இருக்கேன், எனக்கு புரிஞ்ச வரைக்கும் இந்த ஒப்பந்தம் ஒரே நாள்ல ஒரே மேடையில கையெழுத்தாகி வராது. ஏற்கனவே இருக்கற துண்டு துண்டான ஒப்பந்தங்கள ஒட்டி தைச்சு தான் வரும். அதனால மேடைய விட்டுட்டு தையல் எங்க விழுதுன்னு பாக்கணும், அத எப்படி பாக்கறதுன்னு தான் எழுதறேன்.

முதல்ல ஒரு பேப்பர் எடுத்து ஏபெக்ல இருக்கற 21 பேரையும் வரிசையா எழுதுங்க. தலைப்புல நாடுகள்னு போடாதீங்க, பொருளாதாரங்கள்னு போடுங்க, ஏன்னா ஹாங்காங்கும் தைவானும் உள்ள இருக்கு, தைவானுக்கு அங்க சைனீஸ் தைபேன்னு தான் பேரு. பக்கத்துல ரெண்டு கட்டம் போடுங்க, ஒண்ணு சிபிடிபிபி, அதாவது பெரும்பாலும் பசிபிக் ஓரத்து நாடுகள் சேர்ந்து போட்ட வர்த்தக ஒப்பந்தம், இன்னொண்ணு ஆர்செப், அதாவது தென்கிழக்காசிய கூட்டமைப்பான ஆசியான் நாடுகளும் சீனா, ஜப்பான் மாதிரி நாடுகளும் சேர்ந்து போட்ட ஒப்பந்தம். யார் எதுல இருக்காங்களோ டிக் பண்ணிட்டே வாங்க. ஆஸ்திரேலியா, புருனே, ஜப்பான், மலேசியா, நியூசிலாந்து, சிங்கப்பூர், வியட்நாம் இந்த 7 பேருக்கும் ரெண்டு கட்டத்துலயும் டிக் விழும். கனடா, மெக்சிகோ, பெரு, சிலி சிபிடிபிபில மட்டும். சீனா, தென்கொரியா, இந்தோனேசியா, தாய்லாந்து, பிலிப்பைன்ஸ் ஆர்செப்ல மட்டும். ரெண்டுலயும் இல்லாதவங்க அமெரிக்கா, ரஷ்யா, ஹாங்காங், தைவான், பப்புவா நியூ கினின்னு 5 பேர்.

கையால எழுதினா தான் இது மனசுல நிக்கும். 21ல 16 பேர் ஏற்கனவே ஏதோ ஒரு பெரிய ஒப்பந்தத்துக்குள்ள வந்துட்டாங்க, ஆனா அமெரிக்காவும் சீனாவும் ஒரே ஒப்பந்தத்துக்குள்ள சேர்ந்து இல்ல. மத்ததெல்லாம் தைச்சிடலாம், பெரிய கிழிசல் அங்க தான் இருக்கு.

அடுத்து, தலைவர்கள் விடற அறிக்கைய படிக்க கத்துக்கோங்க. முழுசா படிக்க வேண்டாம், இந்த ஒப்பந்தம் பத்தி வர்ற பத்திய மட்டும் எடுத்து, அதுல வினைச்சொல் என்னன்னு பாருங்க. "வரவேற்கிறோம்", "கவனத்தில் கொள்கிறோம்", "மீண்டும் உறுதி செய்கிறோம்"னு இருந்தா யாரும் எதுக்கும் கட்டுப்படலன்னு அர்த்தம். தேதி இருக்கா, யார் செய்யணும்னு இருக்கான்னு பாருங்க. 1994ல இந்தோனேசியாவோட போகோர்ல சொன்னதுல தேதி இருந்துச்சு, வளர்ந்தவங்க 2010க்குள்ள, வளர்றவங்க 2020க்குள்ள வர்த்தகத்தையும் முதலீட்டையும் திறந்து விடணும்னு. 2004ல ஏபெக் வணிக ஆலோசனைக் குழு இந்த பெரிய ஒப்பந்த யோசனைய முன்வெச்சாங்க, 2006 ஹனோய் கூட்டத்துல ஆராயலாம்னு தலைவர்கள் சொன்னாங்க, 2010 யோகோஹாமால தான் இருக்கற முயற்சிகள் மேலயே கட்டலாம்னு வழி காட்டினாங்க, அதாவது ஆசியான் கூட சீனா ஜப்பான் கொரியா சேர்ந்தது, அதோட இன்னும் 3 நாடு சேர்ந்தது, அப்புறம் சிபிடிபிபிக்கு முன்னாடி வந்த டிபிபி. நான் மேல சொன்ன தையல் கணக்கு அங்க தான் ஆரம்பம்.

2014 பெய்ஜிங் கூட்டத்த மட்டும் கொஞ்சம் கிட்ட போய் பாருங்க. சீனா இத வேகமா தள்ள பாத்துச்சு, கடைசியா வந்த அறிக்கையில பேச்சுவார்த்தை தொடங்கும்னு இல்ல, "கூட்டு உத்தி ஆய்வு"ன்னு தான் இருந்துச்சு. அந்த ஆய்வு 2016ல முடிஞ்சு, பெருவோட லிமாவுல கூடினப்ப லிமா பிரகடனம் வந்துச்சு. 2020ல புத்ரஜெயா தொலைநோக்கு 2040ங்கற ஆவணம், 2024ல திரும்ப லிமாவுலயே இந்த விஷயத்த புதுசா பாக்கணும்னு இச்மா அறிக்கை. ஆய்வுங்கற வார்த்தைக்கும் பேச்சுவார்த்தைங்கற வார்த்தைக்கும் நடுவுல எத்தன வருஷம் ஓடுதுன்னு பாருங்க, இதனால தான் வினைச்சொல்ல பாருங்கன்னு சொல்றேன்.

அதுக்காக ஏபெக் உருப்படியா எதுவும் செய்யலன்னு முடிவு கட்டிடாதீங்க. ஏபெக்ல எல்லாமே விருப்பத்தின் பேர்ல, எல்லாரும் ஒத்துக்கிட்டா தான் நடக்கும், சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தாது. ஆனாலும் 2012ல ரஷ்யாவோட விளாடிவோஸ்டோக்ல சுற்றுச்சூழல் சம்பந்தப்பட்ட 54 பொருளுக்கு 2015 முடியறதுக்குள்ள வரிய 5 சதவீதமோ அதுக்கு கீழயோ கொண்டு வரணும்னு பேசிக்கிட்டாங்க, பொருள் பட்டியலே கையில இருந்துச்சு. ஏபெக்க நாத்தங்கால் மாதிரி நினைச்சுக்கோங்க, அங்க நாத்து வளரும், நடற வயல் வேற. பெரிய ஒப்பந்தம் வந்தாலும் கையெழுத்து ஏபெக்குக்கு வெளிய தான் விழும்.

மூணாவது, கையெழுத்து ஆனதும் அமலுக்கு வந்ததும் ஒண்ணுன்னு எடுத்துக்காதீங்க. ஒரு ஒப்பந்தத்த திறந்தா முதல்ல நான் கடைசி அத்தியாயத்துக்கு தான் போவேன், எத்தன பேர் ஒப்புதல் கொடுத்தா இது உயிர் பெறும்னு அங்க தான் இருக்கும். டிபிபி 2016 பிப்ரவரி 4 ஆக்லாந்துல 12 நாடு கையெழுத்து போட்டது. எல்லாரும் ரெண்டு வருஷத்துக்குள்ள ஒப்புதல் கொடுக்கலன்னா, 12 பேரோட மொத்த பொருளாதாரத்துல 85 சதவீதம் வர்ற அளவுக்கு 6 நாடாவது கொடுத்தா தான் அமலாகும்னு விதி. அமெரிக்கா இல்லாம 85 வராது. 2017 ஜனவரி 23 அமெரிக்கா விலகினதும் அந்த ஒரு விதியாலயே மொத்த ஒப்பந்தமும் நின்னு போச்சு. மிச்சம் இருந்த 11 பேர் அத பாத்துட்டு 22 விதிகள நிறுத்தி வெச்சு, 85 சதவீத நிபந்தனைய தூக்கிட்டு, 6 நாடு ஒப்புதல் கொடுத்தா போதும்னு மாத்தி 2018 மார்ச் 8 சாண்டியாகோல கையெழுத்து போட்டாங்க, அது தான் சிபிடிபிபி, அதே வருஷம் டிசம்பர் 30 அமலுக்கே வந்துடுச்சு. ஒரு நாடு போனா மொத்தமும் போகுமா, இல்ல மிச்ச பேர் தொடரலாமான்னு அந்த கடைசி அத்தியாயம் சொல்லிடும். நாளைக்கு 21 பேருக்கும் ஒரு வரைவு வந்தா நீங்களும் முதல்ல அத தான் பாக்கணும்.

ஆர்செப்பும் இப்படி தான், 2012ல பேச்சு தொடங்கி 2020 நவம்பர் 15 கையெழுத்து, 2022 ஜனவரி 1 அமல், ஆனா இந்தோனேசியாவுக்கு 2023 ஜனவரி 2, பிலிப்பைன்ஸுக்கு 2023 ஜூன் 2. ஒரே ஒப்பந்தம் தான், நாட்டுக்கு நாடு தேதி வேற.

இப்ப எனக்கு ரொம்ப முக்கியமா படற இடத்துக்கு வரேன், ஒரு சரக்கு எந்த நாட்டுதுன்னு முடிவு பண்ற விதி. ஒப்பந்தம் இருக்கு, வரி குறைஞ்சிருக்கு, ஆனா உங்க சரக்கு அந்த சலுகைக்கு தகுதியான்னு இந்த விதி தான் சொல்லும். ஒரு சட்டைய கையில எடுத்துக்கோங்க. ஆம்பளைங்க போடற காட்டன் சட்டை, நெய்த துணியில தைச்சது, ஹெச்எஸ் கோடு, அதாவது சரக்க வகை பிரிக்க சுங்கத்துல போடற எண், 620520, அதோட முதல் ரெண்டு இலக்கம் தான் சாப்டர். துணி சீனாவுல நெய்தது, அது 52ம் சாப்டர். தைச்சது வியட்நாம்ல. இத ஜப்பானுக்கு ஆர்செப் வழியா அனுப்பினா, துணி 52ம் சாப்டர் சட்டை 62ம் சாப்டர், சாப்டர் மாறியிருக்கு, தகுதி ஆயிடும். அதே சட்டைய கனடாவுக்கு சிபிடிபிபி வழியா அனுப்ப பாருங்க. அங்க பொதுவா நூல்ல இருந்து கணக்கு, நூல் நூக்கறது, துணி நெய்யறது, வெட்டி தைக்கறது எல்லாமே உறுப்பு நாடுகளுக்குள்ள நடந்திருக்கணும், விலக்குப் பட்டியல்ல இருக்கற சில துணிக்கு மட்டும் தளர்வு. சீனா உறுப்பினர் இல்ல. சட்டைக்கு சலுகை கிடையாது.

அதே சட்டை, அதே துணி, தைச்ச கையும் அதே கை தான், வியட்நாம் ரெண்டு ஒப்பந்தத்துலயும் இருக்கு, ஆனா ஒரு பக்கம் தகுதி இன்னொரு பக்கம் இல்ல. பேப்பரும் வேற, ஆர்செப்ல பெரும்பாலும் அதிகாரம் உள்ள அமைப்பு தர்ற ஒரிஜின் சர்டிபிகேட் இல்லன்னா அங்கீகாரம் வாங்கின ஏற்றுமதியாளரோட அறிவிப்பு, சிபிடிபிபில ஏற்றுமதியாளரோ தயாரிப்பாளரோ தானே எழுதி கொடுக்கலாம், தனி ஃபார்ம் கிடையாது, கேட்ட விவரம் எல்லாம் இருந்தா போதும். சின்ன கம்பெனிக்கு இது எவ்ளோ பெரிய பாரம்னு அறிக்கை எழுதறவங்களுக்கு தெரியணும்னு எனக்கு ஆதங்கம் உண்டு. ஒரு தடவை நாங்க அனுப்பின சரக்குல இன்வாய்ஸ்ல ஒரு கோடு, சர்டிபிகேட்ல வேற கோடுன்னு போயிடுச்சு, போய் இறங்கின துறைமுகத்துல சலுகை கிடையாது முழு வரி கட்டுங்கன்னுட்டாங்க, எத்தன மெயில் போட்டும் ஒண்ணும் நடக்கல. ஒரே பிராந்தியத்துல இத்தன ஒப்பந்தம் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து கிடக்கறத இடியாப்பச் சிக்கல்னு சொல்றது இதனால தான். ஒரே ஒப்பந்தம் வந்தா இந்த சிக்கல் தீரணும், தீரலன்னா அது இன்னொரு ஃபார்ம், அவ்ளோ தான்.

அதனால நீங்க செய்ய வேண்டியது, உங்களுக்கு தெரிஞ்ச ஒரு பொருள எடுத்து, அதோட 6 இலக்க ஹெச்எஸ் கோட கண்டுபிடிச்சு, ரெண்டு ஒப்பந்தத்தோட பொருள்வாரி விதிப் பட்டியல்லயும் அந்த கோட தேடி பக்கத்துல பக்கத்துல வெச்சு பாருங்க. நாலு அஞ்சு பொருள் பாத்தீங்கன்னா எங்க ரெண்டும் ஒத்து போகுது, எங்க முட்டுதுன்னு தெரிஞ்சிடும். இத பேசி சரி பண்ற வேலை மேடையில நடக்காது, சுங்க அதிகாரிங்க உக்காந்து செய்யற வேலை.

அடுத்து, வரிசையில யார் நிக்கறாங்கன்னு பாக்கணும். சிபிடிபிபில புதுசா ஒருத்தர் சேரணும்னா உள்ள இருக்கற எல்லாரும் ஒத்துக்கணும். பிரிட்டன் 2021 பிப்ரவரில விண்ணப்பிச்சு 2024 டிசம்பர் 15 தான் அவங்களுக்கு அமலாச்சு, கிட்டத்தட்ட நாலு வருஷம். சீனா 2021 செப்டம்பர் 16 விண்ணப்பிச்சது, ஆறே நாள்ல 22ம் தேதி தைவானும் விண்ணப்பிச்சது. ஒருத்தர முதல்ல எடுத்தா இன்னொருத்தர் நிலைமை என்னங்கற சிக்கல்ல உள்ள இருக்கறவங்க மாட்டிக்கிட்டாங்க, அதுவும் போக அரசு நிறுவனங்களுக்கு தர்ற சலுகை, தொழிலாளர் உரிமை, டேட்டா எல்லை தாண்டி போறது இதுக்கெல்லாம் அங்க கடுமையான அத்தியாயம் இருக்கு. ஆர்செப்ல தொழிலாளருக்கும் சுற்றுச்சூழலுக்கும் தனி அத்தியாயமே கிடையாது. இந்தோனேசியா 2024ல சிபிடிபிபிக்கு விண்ணப்பிச்சிருக்கு, அது உள்ள வந்தா நம்ம பேப்பர்ல ரெண்டு டிக் வாங்கினவங்க 7ல இருந்து 8 ஆகும். அறிக்கைய விட எனக்கு இந்த எண் தான் முக்கியம்.

இந்தோ பசிபிக் பொருளாதார கட்டமைப்புன்னு 2022ல அமெரிக்கா தொடங்கினத இதோட சேத்து குழப்பிக்காதீங்க, அதுல சுங்கவரி குறைப்பு கிடையாது.

இந்தியாவுல இருந்து படிக்கறவங்களுக்கு ஒரு விஷயம். இந்தியா ஏபெக்ல இல்ல, 1998ல பெரு, ரஷ்யா, வியட்நாம் சேர்ந்ததுக்கு அப்புறம் அங்க புதுசா யாரையும் சேக்கல. ஆர்செப் பேச்சுல இந்தியா ஆரம்பத்துல இருந்தே இருந்துட்டு 2019 நவம்பர்ல பாங்காக்ல வெளிய வந்துடுச்சு, சீனாவுல இருந்து சரக்கு கொட்டுமோங்கற பயம், பால் உற்பத்தி பண்றவங்களோட கவலை எல்லாம் அதுல உண்டு, அந்த பயத்த நான் லேசா எடுத்துக்கல. ஆனா கதவு மூடல, மத்தவங்க சேரணும்னா ஆர்செப் அமலாகி 18 மாசம் காத்திருக்கணும்னு விதி இருந்தப்ப இந்தியாவுக்கு மட்டும் அந்த காத்திருப்பு வேண்டாம்னு எழுதி வெச்சிருக்காங்க. சிங்கப்பூர், மலேசியால இருந்து படிக்கறவங்க ரெண்டு ஒப்பந்தத்துக்குள்ளயும் இருக்கீங்க, உங்க கம்பெனியில எந்த ஒப்பந்தம் வழியா சரக்கு போகுதுன்னு இந்த வாரமே கேட்டு பாருங்க, ரெண்டுல எது லாபம்னு ஒப்பிட்டு பாக்காமயே பழைய ஃபார்ம்ல அனுப்பிட்டு இருக்கற இடங்கள நான் பாத்திருக்கேன்.

2026க்கு ஏபெக் தலைமை சீனா, தலைவர்கள் கூடற இடம் ஷென்சென். அந்த அறிக்கை வெளிய வந்ததும் 2024 லிமா அறிக்கைய பக்கத்துல வெச்சுக்கிட்டு இந்த ஒப்பந்தம் பத்தின பத்திய ரெண்டுலயும் வரி வரியா ஒப்பிடுங்க. புதுசா சேர்ந்த வார்த்தைய ஒரு கலர்லயும் காணாம போன வார்த்தைய இன்னொரு கலர்லயும் கோடு போடுங்க, அப்புறம் அந்த 21 பேர் பேப்பர எடுத்து புது டிக் ஏதாவது போட முடியுதான்னு பாருங்க.