கயிறு கட்டிய தோணி: திண்ம என்எம்ஆரில் ஸ்பின்-லொக் செய்வது எப்படி

வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படித்துவிட்டு, முதன்முறை திண்ம என்எம்ஆர் (திண்மங்களின் கருக் காந்தப் பரிவு) கருவிக்கு முன் உட்காரப்போகும் தம்பி தங்கைமாருக்காக இதை எழுதுகிறேன்.

மட்டக்களப்பு வாவியில் பத்துத் தோணிகளை ஓரிடத்தில் அவிழ்த்து விட்டால், நீரோட்டம் ஒவ்வொன்றையும் ஒவ்வொரு பக்கம் கொண்டுபோய்விடும். காந்தமாக்கத்தை (கருக்களின் கூட்டுக் காந்தத்தை) 90 பாகை திருப்பும் குறுகிய வானொலி அலைத் துடிப்புக்குப் பிறகு திண்மத்திலுள்ள புரோத்தன்களுக்கும் அதுதான் நடக்கிறது. சில பத்து மைக்ரோசெக்கனில் சமிக்ஞை சிதறிவிடும். சிதறாமல் கட்டும் கயிறுதான் ஸ்பின்-லொக்.

முதல் வேலை, 90 பாகையைச் சரியாகப் பிடிப்பது. அடமன்டேன் என்ற சேர்வையின் தூளை ரோட்டரில் (மாதிரியை வைத்துச் சுழற்றும் சிறு குழாயில்) நிரப்பி, துடிப்பின் நீளத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள். சமிக்ஞை 180 பாகையில் ஒருமுறை, 360 பாகையில் மறுமுறை பூச்சியமாகும். 360 பாகை 20 மைக்ரோசெக்கனில் வந்தால் 90 பாகை 5 மைக்ரோசெக்கன். ஒரு முழுச் சுற்றுக்கு 20 மைக்ரோசெக்கன் என்பதால் வானொலிப் புலத்தின் வலு 50 கிலோஹேர்ட்ஸ். இதற்கு அரை நாள் போனாலும் பரவாயில்லை, மற்ற எல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது.

அப்புறம் லொக். எக்ஸ் அச்சில் 90 பாகைத் துடிப்பு முடிந்ததும், இடைவெளி விடாமல் வானொலி அலையின் அவத்தையை (கட்டத்தை) 90 பாகை மாற்றி, வை அச்சில் புலத்தைத் தொடர்ந்து கொடுங்கள். காந்தமாக்கமும் புலமும் ஒரே திசையில் இருப்பதால் அதைத் திருப்ப எதுவுமில்லை. நான் முதல் நாள் அவத்தையை மாற்ற மறந்துவிட்டேன். லொக் நேரத்தைக் கூட்டக் கூட்ட, திரையில் உச்சி தாழ்ந்தது, தலைகீழானது, திரும்ப எழுந்தது. அப்படி ஆடினால் கயிறு கட்டப்படவில்லை என்று அர்த்தம். சரியாகக் கட்டியிருந்தால் உச்சி மெல்ல மெல்லக் குறையும், அவ்வளவுதான்.

வலுவைத் தெரிவதில் கவனம் தேவை. ரோட்டர் 10 கிலோஹேர்ட்ஸில் சுழன்றால் 5, 10, 20 கிலோஹேர்ட்ஸ் லொக் வேண்டாம். சுழற்சி அழித்த இடைத்தாக்கங்களை அந்த வலுக்கள் திரும்பக் கொண்டுவரும். சமிக்ஞை சட்டென்று விழும். 50 நல்லது.

இனி உங்கள் மாதிரியைப் போட்டு, லொக் நேரத்தை 0.1, 0.5, 1, 2, 5, 10 மில்லிசெக்கன் என அளவெடுங்கள். சமிக்ஞையின் இயற்கை மடக்கையை நேரத்துக்கு எதிரே வரைந்தால் நேர்கோடு வரும். சரிவின் (கழித்தல் குறி நீக்கிய) தலைகீழ்ப் பெறுமானம்தான் டீ1-ரோ, அதாவது கயிறு உக்கிப்போக எடுக்கும் நேரம். கிலோஹேர்ட்ஸ் வேகத்தில் மூலக்கூறுகள் அசைவதை இது காட்டிக்கொடுக்கும். எனக்கு இந்த அளவீட்டில் மிகவும் பிடித்தது இதுதான்.

நீண்ட லொக் மாதிரியைச் சுற்றியுள்ள கம்பிச் சுருளைச் சூடாக்கும், அந்தச் சுருள் இருக்கும் புரோபில் தீப்பொறி பறக்கவும் கூடும். எவ்வளவு நேரம், எவ்வளவு வலு தாங்கும் என்று பொறுப்பாளரிடம் கேட்டுவிட்டே தொடங்குங்கள்.